வீட்டுக் கணினியில் படம் திருத்த எந்த இலவச மென்பொருள் போதும்?

வீட்டில் படம் திருத்தும் வேலை தினமும் வருவதில்லை. வரும்போது அவசரமாக வருகிறது. மகளின் மேற்படிப்பு விண்ணப்பத்துக்குக் குறிப்பிட்ட அளவில் படம் கேட்கிறார்கள். மறுநாள் கடைசி நாள். கோயில் திருவிழா அறிவிப்பை இன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். பாட்டி காலமாகிவிட்டார், நாளிதழ் அறிவிப்புக்கும் கருமக்கிரியையில் வைத்து மாலை போடுவதற்கும் ஒரு நல்ல படம் வேண்டும். வீட்டில் இருப்பதோ என்றோ அடையாள அட்டைக்காக எடுத்த சிறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான்.

இந்த அவசரத்தில் பலர் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்டதைப் பதிவிறக்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் ‘போட்டோஷாப்’ இல்லாமல் எதுவும் நடக்காது என்று அதன் திருட்டுப் பிரதியைத் தேடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. ஒரு சராசரிக் குடும்பத்துக்கு வரும் பட வேலைகளை இலவச மென்பொருள்களைக் கொண்டே முடிக்கலாம். அவற்றில் பாதி வேலைக்கு எதையும் பதிவிறக்கவே வேண்டாம்.

போட்டோஷாப் 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொழில்முறைப் படக் கலைஞர்களுக்கும் அச்சகங்களுக்கும் அது இன்றும் முதன்மையான கருவி. ஆனால் 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தா முறையில்தான் கிடைக்கின்றன. ஆண்டுக்கு நான்கைந்து படம் திருத்தும் வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது கட்டுப்படியாகாது. ஒரு காலத்தில் இரவுச் சந்தையில் வட்டாக விற்ற திருட்டுப் பிரதிகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றோடு கடவுச்சொல்லைத் திருடும் தீநிரல்களும் சேர்ந்து வருகின்றன. அதே கணினியில்தான் குடும்பத்தின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது என்பதை மறக்கக்கூடாது.

முதலில் வேலை, பிறகு மென்பொருள்

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் வீட்டில் என்னென்ன பட வேலைகள் வந்தன என்று எழுதிப் பார்க்கலாம். பெரும்பாலும் பட்டியல் இப்படித்தான் இருக்கும்: ஓரங்களை வெட்டுவது, சாய்ந்த படத்தை நேராக்குவது, இருட்டாக இருப்பதை வெளிச்சமாக்குவது, கோப்பின் அளவைக் குறைப்பது, படத்தின் மேல் இரண்டு வரி எழுதுவது. இவை சிறிய வேலைகள்.

பின்னணியை மாற்றுவது, ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை ஒட்டுவது, கிழிசலும் கறையும் உள்ள பழைய படத்தைச் சீர்செய்வது ஆகியவை நடுத்தர வேலைகள். இவற்றுக்குத்தான் தனி மென்பொருள் வேண்டும்.

சிறிய வேலைக்குப் பெரிய மென்பொருளை நிறுவினால், நூறு பொத்தான்களுக்கு நடுவே வெட்டும் பொத்தானைத் தேடியே அரை மணி நேரம் போய்விடும். அதனால் செய்ய வேண்டிய வேலையை முடிக்கக்கூடியவற்றில் மிக எளியது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை.

கணினியோடு வந்தவை

விண்டோஸ் கணினியில் ‘போட்டோஸ்’ என்ற செயலி ஏற்கெனவே இருக்கிறது. படத்தைத் திறந்து, திருத்தும் பொத்தானை அழுத்தினால், வெட்டுதல், சுழற்றுதல், வெளிச்சம், நிறம் எல்லாம் அங்கேயே உண்டு. திருவிழாவில் எடுத்த இருட்டுப் படத்தைத் தெளிவாக்க இது போதும்.

இன்னொன்று ‘பெயிண்ட்’. 1985இல் வெளிவந்த முதல் விண்டோஸிலிருந்தே இருந்துவரும் மென்பொருள் இது. பிள்ளைகள் கிறுக்கி விளையாடும் கருவி என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் படத்தின் அளவை இத்தனை புள்ளி அகலம், இத்தனை புள்ளி உயரம் என்று துல்லியமாக மாற்ற இது மிக எளிய வழி. விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு 2023 முதல் பெயிண்டிலேயே பின்னணியை நீக்கும் வசதியும், அடுக்குகள் வைத்து வேலை செய்யும் வசதியும் வந்துவிட்டன. அதைப் புதுப்பித்து வைத்திருந்தாலே, கடப்பிதழ் அளவுப் படத்துக்கு வெள்ளைப் பின்னணி வைக்கும் வேலைக்கு வேறெதுவும் தேவைப்படாமல் போகலாம்.

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு ‘பிரீவியூ’வும் ‘போட்டோஸும்’ இதே வேலைகளைச் செய்கின்றன.

நடுத்தர வேலைக்கு: பெயிண்ட் டாட் நெட்

பெயர் ஒத்திருந்தாலும் இது விண்டோஸோடு வரும் பெயிண்ட் அல்ல. 2004இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. இன்றுவரை அதை வளர்த்து வருபவர் ரிக் புரூஸ்டர். விண்டோஸில் மட்டுமே இயங்கும்.

இதில் அடுக்குகள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களைப் போன்றவை அவை. கீழ்த்தாளில் படம், மேல்தாளில் எழுத்து என்று வைத்துக்கொண்டால், எழுத்தில் பிழை வந்தால் எழுத்தை மட்டும் அழிக்கலாம், படம் கெடாது. மங்கிப்போன படத்தின் கறுப்பையும் வெளுப்பையும் ஒரே சொடுக்கில் சமன் செய்யும் வசதி உண்டு. படத்தின் ஒரு பகுதியை எடுத்து இன்னொரு பகுதியின் மேல் பூசும் கருவியும் உண்டு. கறையை மறைக்க உதவுவது அதுதான்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. அதன் சொந்தத் தளமான ‘கெட்பெயிண்ட் டாட் நெட்’டில் பதிவிறக்கினால் இலவசம், மைக்ரோசாஃப்ட் கடையில் இருக்கும் அதே மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும். இப்போதைய பதிப்பு விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள 64 பிட் கணினியில்தான் ஓடும். விண்டோஸ் 7 கணினியில் ஏறாது.

பழைய கணினிக்கும் நிறையப் படங்களுக்கும்: இர்ஃபான்வியூ

அண்ணன் பயன்படுத்தித் தம்பிக்கு வந்த மெதுவான கணினி என்றால் இர்ஃபான்வியூவைப் பார்க்கலாம். போஸ்னியாவில் பிறந்து, வியன்னாவில் கணினித் துறை பயின்ற இர்ஃபான் ஸ்கில்யான் எழுதியது. முதல் பதிப்பு 1996இல் வந்தது. மிகச் சிறிய கோப்பு. இணைய வேகம் குறைந்த தோட்டப்புறத்திலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். பழைய கணினியிலும் தடுமாறாமல் திறக்கும்.

இதன் பலம் மொத்தமாகச் செய்யும் வேலை. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் எடுத்த 200 படங்களை ஒவ்வொன்றாகச் சிறிதாக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அகலத்தைக் கொடுத்து, வேறொரு கோப்புறையில் சேமிக்கச் சொன்னால் தானாக முடித்துவிடும். அதன் துணைத் தொகுப்பையும் சேர்த்து நிறுவினால், கோப்பு இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று எண்ணைக் கொடுத்தே சேமிக்கலாம். அரசாங்க, பல்கலைக்கழக விண்ணப்பங்களில் பலரும் தடுமாறும் இடம் அதுதான்.

வீட்டுப் பயன்பாட்டுக்கு இது இலவசம். தொழிலுக்குப் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டும். படக்கடை, அச்சகம் நடத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய வேலைக்கு: கிம்ப்

கிம்ப் என்பது முழுக்க இலவசமான, யார் வேண்டுமானாலும் மூல நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள். ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு பெர்க்லி மாணவர்கள் 1995இல் தொடங்கினார்கள். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பழைய படங்களைச் சீர்செய்ய இலவசமாகக் கிடைப்பவற்றில் இது மிகவும் வல்லது. கிழிசலைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து ஆற்றும் கருவி இதில் இருக்கிறது. ஆனால் பழகக் காலம் பிடிக்கும். முதல் நாளில் பலரைக் குழப்புவது சேமிக்கும் முறை. சாதாரணமாகச் சேமித்தால் கிம்புக்கு மட்டுமே உரிய வடிவில்தான் கோப்பு அமையும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எதிரில் இருப்பவரால் திறக்க முடியாது. ‘எக்ஸ்போர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஜேபெக் வடிவில் எடுத்தால்தான் அனுப்பலாம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்து, ஆர்வமும் இருந்தால் கிம்பைக் கற்றுக்கொள்ளச் சொல்லலாம்; நாளை தொழிலுக்கும் உதவும்.

நிறுவாமலே திருத்துபவை

உலாவியிலேயே திறந்து வேலை செய்யும் தளங்களும் உண்டு. ‘போட்டோபீ’ அவற்றில் குறிப்பிடத்தக்கது. இவான் குட்ஸ்கிர் என்ற ஒரே நிரலாளர் உருவாக்கியது. பக்கத்தில் விளம்பரம் வரும், மற்றபடி இலவசம். அச்சகத்தில் செய்த திருமண அழைப்பிதழின் போட்டோஷாப் கோப்பு கையில் இருந்து, அதில் மண்டபத்தின் பெயரை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் போட்டோபீயில் திறந்து மாற்றலாம். திறக்கும் படம் தன் கணினியிலேயே இருக்கிறது, வேறெங்கும் ஏற்றப்படுவதில்லை என்பது இதன் நல்ல அம்சம்.

‘கேன்வா’ படம் திருத்துவதைவிட அறிவிப்பு, வாழ்த்து அட்டை வடிவமைக்க ஏற்றது. திருவிழா நிகழ்ச்சி நிரலை அழகாகப் போட வேண்டும் என்றால் அதன் இலவசப் பகுதி போதும். ஆனால் கணக்குத் திறக்க வேண்டும், இணையமும் வேண்டும்.

தமிழ் எழுத்துச் சோதனை

தமிழ்க் குடும்பங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தாக வேண்டும்: அது தமிழைச் சரியாக எழுதுமா? சோதிப்பது எளிது. ‘பொங்கல்’, ‘கோயில்’, ‘கௌரி’ என்ற மூன்று சொற்களைத் தட்டச்சு செய்து பார்க்கலாம். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் சரியாக உட்கார்ந்தால் பிரச்சினையில்லை. கொம்பு பின்னால் தள்ளிப்போய் நின்றாலோ, எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ, அந்த மென்பொருளை விட்டுவிடலாம்.

எழுத்துரு யூனிகோடு வகையாக இருக்க வேண்டும். விண்டோஸில் ‘நிர்மலா’ என்ற எழுத்துருவில் தமிழ் உண்டு. ஆப்பிள் கணினியில் உள்ள ‘இணைமதி’ நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கியது; அவருடைய ‘முரசு அஞ்சல்’ கொண்டுதான் இந்நாட்டில் பலர் கணினியில் தமிழ் எழுதப் பழகினார்கள். பழைய குறியீட்டில் தட்டச்சு செய்த கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்துகள் சிதைந்து போகும். அப்படிப்பட்ட வரிகளைப் புதிதாகத் தட்டச்சு செய்வதே வேகம்.

ஒரே ஒரு பழைய படம்

மென்பொருள் தேர்வு உண்மையாகவே பொருட்படுத்த வேண்டிய இடம் இதுதான். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியர் பலர் ஆயுளில் படமெடுத்துக்கொண்டது ஓரிரு முறைதான். அந்தப் படம் கெட்டால் மறுபடி எடுக்க வழியில்லை.

முதலில் அதைக் கணினிக்குள் நன்றாகக் கொண்டுவர வேண்டும். எந்தத் திருத்தமும் இதை ஈடு செய்யாது. கணக்கு எளிது. அச்சிடும்போது அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் படம் கூர்மையாகத் தெரியும். 35 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள படத்தை 300 புள்ளியில் ஸ்கேன் செய்தால் கிடைப்பது 413க்கு 591 புள்ளிகள் மட்டுமே. மாலை போட்டு வைக்கும் 8ஆர் அளவுப் படத்துக்கு, அதாவது 8க்கு 10 அங்குலத்துக்கு, 2400க்கு 3000 புள்ளிகள் வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியால்தான் பெரிதாக்கிய பல படங்கள் மங்கலாக நிற்கின்றன. அதே சிறிய படத்தை 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 1650க்கு 2360 புள்ளிகள் கிடைக்கும். சுவரில் மாட்டி நாலடி தள்ளிப் பார்க்க இது போதும். ஸ்கேன் செய்து தரும் கடையில் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வழக்கமான 300இல்தான் எடுத்துத் தருவார்கள்.

ஸ்கேனர் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் எடுக்கலாம். சன்னலோரப் பகல் வெளிச்சம் வேண்டும், ஃபிளாஷ் கூடாது, படத்துக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். எடுத்ததை உறவினர் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் முழு அளவில் வந்து சேரும்.

அடுத்தது, மூலக் கோப்பைத் தொடவே கூடாது. படத்தைத் திறந்தவுடன் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதில் மட்டும் வேலை செய்ய வேண்டும். ஜேபெக் வடிவம் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் சிறிது விவரத்தை இழக்கிறது. அதனால் வேலை முடியும்வரை பிஎன்ஜி வடிவத்தில் வைத்திருந்து, அனுப்பும்போது மட்டும் ஜேபெக்காக மாற்றுவது நல்லது.

பிறகு பெயிண்ட் டாட் நெட் அல்லது கிம்பில் திறந்து, கறுப்பு வெளுப்பைச் சமன் செய்து, பின்னணியிலும் உடையிலும் உள்ள கறைகளைப் பூசி மறைக்கலாம். முகத்தில் மிகக் குறைவாகவே கை வைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். செயற்கை நுண்ணறிவு கொண்டு பழைய படத்தைப் புதிதுபோல் ஆக்கித் தரும் தளங்கள் இப்போது ஏராளம். மங்கிய படத்தில் இல்லாத விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அது ஊகித்து வரைகிறது. கண் பளபளக்கும், தோல் வழவழக்கும். ஆனால் பார்த்தவுடன் “இது எங்க அம்மா மாதிரி இல்லையே” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த முகத்தை நேரில் பார்த்தவர்கள் இருக்கும்வரை பிழை தெரியும். அவர்களுக்குப் பிறகு, கணினி ஊகித்த முகமே பாட்டியின் முகமாக நின்றுவிடும். ஆசைக்கு ஒரு நகலில் செய்து பார்க்கலாம். மூலப்படம் தனியே பத்திரமாக இருக்க வேண்டும்.

அடையாள அட்டை நகல் அனுப்பும் முன்

படத் திருத்தியின் இன்னொரு முக்கியப் பயன் பலருக்குத் தெரிவதில்லை. அடையாள அட்டையின் நகலைத் தாளில் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதுவது நம் நாட்டு வழக்கம். கைப்பேசியில் படமாக அனுப்பும்போது அதை மறந்துவிடுகிறோம். பெயிண்டில் திறந்து, முகமும் எண்ணும் மறையாதபடி இரு கோடு போட்டு, ‘இந்த விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்ற பொருளில் மலாயில் எழுதி, தேதியிட்டு அனுப்பினால் வேறொருவர் அதைத் தவறாகப் பயன்படுத்துவது கடினமாகும். இந்த வேலையை முன்பின் தெரியாத இணையத்தளத்தில் ஏற்றிச் செய்யாமல், கணினியிலேயே இருக்கும் மென்பொருளில் செய்ய வேண்டும்.

எங்கே பதிவிறக்குவது?

நல்ல மென்பொருளைத் தேர்ந்தெடுத்தும் தவறான இடத்தில் பதிவிறக்கினால் பயனில்லை. 2022இல் கூகுள் தேடலில் கிம்ப் பெயரில் வந்த ஒரு விளம்பரம், ஓரெழுத்து இரண்டெழுத்து மாறிய போலித் தளத்துக்கு அழைத்துச் சென்று, தகவல் திருடும் தீநிரலை இறக்கியது. தேடல் முடிவில் மேலே விளம்பரம் என்று குறித்து வருவதை அழுத்தாமல், முகவரியைத் தானே தட்டச்சு செய்வது பாதுகாப்பு: கிம்புக்குக் கிம்ப் டாட் ஓஆர்ஜி, இர்ஃபான்வியூவுக்கு இர்ஃபான்வியூ டாட் காம், போட்டோபீக்குப் போட்டோபீ டாட் காம்.

நிறுவும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போகாமல், வேறெதையும் சேர்த்து நிறுவக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வங்கி விவரமோ கடன் அட்டை எண்ணோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அந்தக் கணினிகளில் கூடுதல் கவனம் வேண்டும். தவறுதலாக எதையோ நிறுவி, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதாகத் தெரிந்தால், உடனே வங்கியையும் தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும்.

முடிவாக எதை எடுப்பது?

வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, அளவு குறைப்பது மட்டும் என்றால் கணினியோடு வந்த போட்டோஸும் பெயிண்டும் போதும். நிறையப் படங்களை ஒரே நேரத்தில் சிறிதாக்கவும் பழைய கணினிக்கும் இர்ஃபான்வியூ. பின்னணி, எழுத்து, பழைய படம் என்று மாதத்துக்கு ஒரு முறையாவது வேலை வந்தால் பெயிண்ட் டாட் நெட். ஆப்பிள், லினக்ஸ் கணினிக்கும் ஆழமாகக் கற்க விரும்புவோருக்கும் கிம்ப். எப்போதாவது ஒரு முறை என்றால் போட்டோபீ.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவசரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழகிப் பார்ப்பது நல்லது. பழகுவதற்கு எடுக்கும் முதல் படமாக, வீட்டில் ஒரே பிரதியாக இருக்கும் அந்தப் பழைய படத்தையே எடுத்து ஸ்கேன் செய்யலாம். கோப்பின் பெயரிலேயே அவருடைய பெயர், தோட்டத்தின் பெயர், தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்து, கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, இன்னோர் ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று என மூன்று இடங்களில் வைக்க வேண்டும். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் உடனிருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.